கொழுந்து மடுவத்தில் கேட்ட கேள்வி

அம்மா குளிசையை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். சரிபாதியாக உடையும். ஒரு பாதியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபாதியைக் கடதாசி உறைக்குள் திரும்பப் போடுவார். கொழுந்து கிள்ளிப் பழகிய கை, தூள்கூடச் சிந்தாது. அது சீனி வருத்தத்துக்கான குளிசை, முழுசாகத்தான் குடிக்கவேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"பாதி குடிச்சா பாதியாச்சும் கேக்கும்ல பாப்பா," என்பார். "ஒன்னுமே குடிக்காம இருக்கிறதுக்கு இது மேல் தான?"

நான் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்பது பதவியின் பெயர். எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அது 'ரத்தம் பாக்குற புள்ள' என்று சுருங்கிவிட்டது. ஊராருடைய இரத்தத்தில் எவ்வளவு சீனி இருக்கிறதென்று நாள் முழுவதும் பார்த்துச் சொல்லும் எனக்கு, வீட்டில் ஒருவரை முழுக் குளிசை குடிக்கவைக்க முடியவில்லை.

அம்மா பாதியாக்கியது மருந்துப் பஞ்சத்தால் அல்ல. டவுன் ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு புதன்கிழமை சீனி கிளினிக் நடக்கும். டொக்டர் பார்ப்பார், இரத்தம் சோதிப்பார்கள், ஒரு மாதத்துக்குக் குளிசை தருவார்கள். எல்லாம் இலவசம். ஆனால் முதல் பஸ்ஸில் போனால்தான் இலக்கம் கிடைக்கும். வரிசையில் நின்று, மருந்து வாங்கி, பஸ் பிடித்து, மேட்டில் ஏறி லயத்துக்கு வரும்போது பிற்பகலாகிவிடும். அன்றைக்குக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அம்மாவுக்குப் பேர் விழாது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றுதான் சொல்வோம். அதனால் அம்மா ஒரு மாதம் கிளினிக் போவார், அடுத்த மாதம் போகமாட்டார். ஒரு மாதக் குளிசையை இரண்டு மாதத்துக்கு இழுப்பார். மருந்துக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. அதை வாங்கப் போகிற நாளுக்குத்தான் காசு போகிறது.

நான் செய்து பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாமசியில் அதே குளிசையை வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதையும் உடைத்தார். மீதியை 'அடுத்த மாசத்துக்கு ஆகும்' என்று தகர டப்பாவில் போட்டு வைத்தார். வேலையை விடச் சொன்னேன். "வேலைய விட்டா தோட்டம் குடுத்த இந்தக் காம்பராவ விட்டுட்டு எங்க போறது? ஒன் ஆஸ்பத்திரியில படுத்துக்கவா?" என்றார். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று அம்மா சொன்னதால், அவர் இல்லாத நேரமாகப் பார்த்துச் சண்டை பிடித்தேன். அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

இந்த வருடம் மழை தொடங்கியபோது அம்மாவின் வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்தது. றப்பர் செருப்பு உரசிய இடம். சாதாரணமாக ஒரு கிழமையில் ஆறிவிடும். அது ஆறவில்லை. பின்னேரம் மலையிலிருந்து வந்து அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவும்போது நான் பக்கத்தில் குந்திப் பார்ப்பேன். ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாகவே இருந்தது. சத்திரசிகிச்சை வார்டிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் இரத்தக் குப்பிகளில் சில, இப்படி ஒரு புண்ணோடு தொடங்கி விரலையோ பாதத்தையோ இழந்தவர்களுடையவை. கீழ் லயத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அம்மாவுக்கும் அவரைத் தெரியும். தெரிந்துதான் பேச்சை மாற்றினார்.

எங்கள் தோட்டத்திலேயே ஒரு டிஸ்பென்சரி உண்டு. தகரக் கூரை, பச்சைக் கதவு, வெளியே உட்கார ஒரு நீள வாங்கு. கம்பனிக்குச் சொந்தம். மருந்து கொடுப்பவர் வேறு இரண்டு தோட்டங்களையும் பார்ப்பதால் கிழமையில் இரண்டு நாள் காலை மட்டும் வருவார். காய்ச்சல், இருமல், கவ்வாத்துக் கத்தி வெட்டு இவற்றுக்கு அவர் போதும். சீனிக்கு அங்கே மருந்து கிடையாது.

அந்த டிஸ்பென்சரியை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்று ஒரு கதை கிளம்பியது. எடுத்தால் அரசாங்க டொக்டர் ஒருவர் வந்து கிளினிக் நடத்துவார், மருந்தும் அரசாங்கத்திலிருந்தே வரும். தோட்டத்து ஆட்கள் எதிர்க்காவிட்டால் கட்டிடத்தைக் கொடுக்கக் கம்பனிக்கும் சம்மதம் என்றார்கள். நான் உடனே கணக்குப் போட்டேன்: கிளினிக் லயத்திலிருந்து கூப்பிடுதூரத்தில் இருந்தால் பஸ் இல்லை, போகிற நாள் இல்லை, பாதிக் குளிசை இல்லை. இதை யார் வேண்டாம் என்பார்கள்?

நிறையப் பேர் வேண்டாம் என்றார்கள். பண்டாரவளை பஸ்ஸிலும் கடையடியிலும் தண்ணீர்ப் பைப்படியிலும் என் காதில் விழுந்தவற்றை மனதில் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டேன். அரசாங்கத்தில் எல்லா வருத்தத்துக்கும் ஒரே வெள்ளைக் குளிசைதான். சும்மா கொடுப்பதில் மரியாதை இருக்காது. இன்றைக்கு டிஸ்பென்சரியை எடுப்பார்கள், நாளைக்கு லயத்தையும் எடுப்பார்கள். வெலிமடைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இப்படித்தான் எடுத்தார்கள், இப்போது கதவில் பூட்டுத்தான் தொங்குகிறது. எந்தத் தோட்டம் என்று நான் நான்கு பேரிடம் கேட்டேன். ஒவ்வொருவரும் இன்னொருவர் சொன்னதாகச் சொன்னார்கள்.

அடுத்த காம்பரா மாமாவின் கதை இதற்கு முந்தியது. அவருக்குக் கொழுப்பு பார்க்கவேண்டியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்து ரிப்போட் கொடுத்தோம். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பண்டாரவளையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனார். சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வேலை செய்வது அங்கேதான். கையை நீட்டியபடி நிமிர்ந்து பார்த்தவர், அந்தக் கையைப் பாதி மடக்கிக்கொண்டார்.

"மாமா, அதே நான் தான்," என்றேன்.

"தெரியுது புள்ள," என்றார். "அங்க சும்மா பாத்த. இங்க காசு வாங்குறீங்கள்ல, கொஞ்சம் கவனமா பாப்பன்னு..."

இரண்டு ரிப்போட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மாமா இரண்டாவதைத்தான் கண்ணாடி பிரேமுக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.

எங்கள் பகுதிச் சுகாதாரத்துக்குப் பொறுப்பான டொக்டர் யாழ்ப்பாணத்தவர். வந்து அதிக காலமாகவில்லை. ஒருநாள் ஆய்வுகூடத்துக்கு வந்தவர், நான் எந்தத் தோட்டம் என்று கேட்டு அறிந்துகொண்டு, "வாற செவ்வாய் உங்கட தோட்டத்திலைதான் கூட்டம். ஆக்களின்ர விருப்பத்தைக் கேக்கவேணும். நீங்களும் சீனி பாக்கிற மெசினோட வந்தீங்களெண்டால் நல்லது. சும்மா கூப்பிட்டால் வருகினமில்லை," என்றார். நான் லீவு போட்டேன்.

கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு, புள்ளைக் காம்பரா என்று நாங்கள் சொல்லும் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில். சுவரில் யானையும் அன்னாசியும் வரைந்திருக்கும். குழந்தைகள் உட்காரும் குட்டிக் கதிரைகளில் பெரிய ஆட்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் மேசை போட்டு விரல் நுனியில் குத்திச் சீனி பார்த்தேன். உள்ளே அப்பா பேசத் தொடங்கினார். அப்பா எங்கள் தோட்டத்துத் தலைவர். தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசவேண்டியதை எல்லாம் தொழிலாளர் சார்பில் அவர்தான் போய்ப் பேசுவார். நின்று பேசினால் ஒலிவாங்கி தேவைப்படாது.

"டொக்டர் ஐயா, நீங்க நல்லதுக்குத் தான் வந்திருக்கீங்க. ஆனா எங்க பாட்டன் காலத்துல இருந்து மருந்து குடுக்குறது தோட்டத்தோட கடமை. நாமளா போயி வேணாம், கவர்மென்டு பாத்துக்கட்டும்னு சொன்னா கம்பனி கைய கழுவிட்டுப் போயிரும். அப்பறம் லொறியும் போயிரும். என்னைய குளவி கொட்டுன அன்னைக்கி தோட்டத்து லொறி இல்லன்னா இப்ப ஒங்க முன்னால நின்னு பேச ஆள் இல்ல."

குளவிக் கதை தோட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். கவ்வாத்து வெட்டும்போது கூடு கலைந்து அப்பாவைக் குளவி மொய்த்தது, கொழுந்து ஏற்ற வந்த லொறியில் போட்டு அவரைக் கொண்டுபோனார்கள். அப்போது நான் பாடசாலையில் இருந்தேன். இன்றும் அந்த லொறியின் ஹோர்ன் கேட்டால் அப்பா ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு வந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். "இந்தக் காலத்துல காசு கட்டுற எடத்துல தாங்க மரியாத. சும்மா குடுக்குற எடத்துல நம்மள மனுசனாவே பாக்க மாட்டாங்க."

"உங்கட அம்மாவுக்கு ஒப்பரேசன் எண்டு கேள்விப்பட்டன். எங்கை செய்தனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"பதுளையில. கவர்மென்டு ஆஸ்பத்திரியில தான்."

"சுகமோ?"

"நல்லா இருக்காங்க. இப்ப மலைக்குக்கூடப் போறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இளைஞரும் சிரித்துவிட்டு, "அது வேறங்க டொக்டர், அது பெரிய வருத்தம்," என்று உட்கார்ந்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. நான் பார்த்த அளவில் எங்கள் ஆட்கள் பெரிய வருத்தத்துக்கு அரசாங்கத்தை நம்புவார்கள். சின்ன வருத்தத்துக்குத்தான் காசு கொடுப்பார்கள். உயிர் போகிறபோது சும்மா பார்க்கிற இடம், தலையிடிக்கு மட்டும் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது.

டொக்டர் நிதானமாக விளக்கினார். ஆனால் அப்பா பேசிவிட்ட பிறகு யாருக்கும் கேட்கிற மனம் இல்லை. வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது அநேகமாக எல்லாக் கையும் உயர்ந்தது. விரல் நுனியில் பஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் மற்றக் கையைத் தூக்கினார்கள்.

"சரி. விருப்பமில்லையெண்டால் நான் கட்டாயப்படுத்த ஏலாது," என்றார் டொக்டர். "அடுத்த தோட்டம் கேட்டுக்கொண்டிருக்குது. அங்கை தொடங்குவம்."

அவ்வளவுதான். அடுத்த தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம். அம்மாவுக்கு அது டவுனைவிடத் தூரம். பெருவிரலுக்கு அடியிலிருந்த அந்த ஈரம் என் கண்முன் வந்தது. ஊசிகளையும் பஞ்சையும் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, பார்த்த ஆட்களை மனதில் எண்ணிப் பார்த்தேன். அது என் பழக்கம். எத்தனை மாதிரி, யாருடையது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று சரிபார்க்காமல் பெட்டியை மூடமாட்டேன். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் நான் குத்தியதெல்லாம் ஆண்களின் விரல்கள். பெண் என்றால் புள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவரும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு அம்மாக்களும்தான்.

ஆண்களுக்குக் கொடுக்கிற வேலை, கவ்வாத்தோ புல்வெட்டோ, பகலோடு முடிந்துவிடும். குளித்து, சாப்பிட்டு, சட்டை மாற்றிக் கூட்டத்துக்கு வரலாம். பெண்கள் பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டுத் திரும்ப மலைக்கு ஏறுவார்கள். அந்திக் கொழுந்து நிறுத்த பிறகுதான் அவர்களுக்கு நாள் முடியும். இதைத் தெரியாமல் யாரும் செய்யவில்லை, வேண்டுமென்றும் செய்யவில்லை. தோட்டத்தில் கூட்டம் என்றால் எப்போதும் பகல் இரண்டு மணிதான்.

எங்கள் தொழிலில் முதலில் சொல்லித் தருவது ஒன்று உண்டு. சீனி பார்க்கும்போது, அந்த இரத்தத்தை எத்தனை மணிக்கு எடுத்தார்கள், ஆள் சாப்பிட்டிருந்தாரா இல்லையா என்று தெரியவேண்டும். தெரியாவிட்டால் மெசின் காட்டும் எண் சரியாக இருந்தாலும் அதை வைத்து மருந்து எழுத முடியாது. டொக்டரின் கூட்டமும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. தூக்கிய கைகள் எல்லாம் உண்மை. எடுத்த நேரம்தான் பிழை.

ஜீப்பில் ஏறப்போனவரிடம் போனேன். அப்பாவும் பக்கத்தில் நின்றார்.

"டொக்டர், மலையில இருக்கிறவங்கள நீங்க இன்னும் கேக்கல," என்றேன்.

"ஆர்?"

"கொழுந்தெடுக்கிறவங்க. தோட்டத்துல பாதிக்கு மேல அவங்க தான். கிளினிக்குக்கு வரப் போறதும் அவங்க தான்."

அப்பா சிரித்தார். "அதுக்கென்னா பாப்பா, நாங்க சொன்னா அவங்க சொன்ன மாதிரி தான. வீட்டுக்கு வீடு வேற வேறயா கேக்கணுமா?"

டொக்டர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தினை மணிக்கு வருவினம்?"

"நாலரைக்கு மடுவத்துக்கு வருவாங்க."

சாரதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சாரதி பெருமூச்சு விட்டு ஜீப்பின் கதவைச் சாத்தினார்.

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. சுவர் கிடையாது, கூரையும் தராசும்தான். நாலரைக்குத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. இடுப்பில் நனையாதபடி படங்குத் துணி கட்டி, தலையில் கொழுந்துச் சாக்கோடு பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். அவர்களில் அம்மாவும் ஒருவர். வலது காலை ஓரமாக ஊன்றி வந்தார். அதைக் கவனிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"என்னா, டொக்டர் நிக்கிறாரு. ஊசி போடவா?" என்று முன்னால் வந்த அத்தை கேட்டார். அவர் அடுத்த காம்பரா மாமாவின் மனைவி. "போடுறதுன்னா எங்க கணக்கப்புள்ளைக்கு மொதல்ல போடுங்க. மழைன்னு சொல்லிச் சொல்லி எங்க கொழுந்தெல்லாம் கழிக்கிறாரு."

"தண்ணியயுமா நிறுக்கச் சொல்ற?" என்றார் தராசடியில் நின்ற கணக்கப்பிள்ளை.

"நாங்களா ஊத்துனோம்? மேல இருந்து ஊத்துனவன்கிட்ட கழிங்க."

நிறுத்து முடிந்தவர்கள் கூரைக்குக் கீழே நெருக்கி நின்றார்கள். டொக்டர் மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய தமிழை முதலில் கேட்டுச் சிரித்தார்கள், பிறகு கேட்டார்கள்.

"இனி நீங்கள் சொல்லுங்கோ. அரசாங்கம் எடுக்கிறதோ வேண்டாமோ?"

பெண்கள் அப்பா பக்கம் பார்த்தார்கள். கூட்டத்துக்கு வெளியே அப்பா குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

வயதான ஒரு பெண்தான் தொடங்கினார். "எனக்கு வேணாம். நாம ஒழைக்கிறது கம்பனிக்கு. அப்ப மருந்தும் கம்பனி தான் குடுக்கணும். அத நாமளே விட்டுக்குடுக்கிறதா?" இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அது அப்பா சொன்ன காரணமேதான். ஆனால் இவர் யாருடைய பேச்சையும் கேட்டுச் சொல்லவில்லை, அதனால் எனக்கு அதன் நியாயம் அப்போதுதான் விளங்கியது.

சின்னக் குழந்தையுள்ள ஒருவர் கேட்டார்: "புள்ள பாக்க வாற மிட்வைபுக்குத் தமிழ் தெரியுமா? போன தடவ நான் ஒன்னு சொல்ல அவங்க ஒன்னு சொல்ல, புள்ள தான் ரெண்டு பேரையும் பாத்துப் பாத்து அழுதுச்சு."

"நான் கேட்டுப் பாக்கிறன். வாக்குக் குடுக்க ஏலாது," என்றார் டொக்டர். அந்தப் பதில் அவர்களுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு பேச்சு கலகலப்பானது.

"தலைவர் அண்ணே லொறி போயிரும்னு சொல்றாராமே?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

அம்மா சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். "அந்த லொறி இவர கொண்டுபோயி எங்க எறக்கிச்சு? தொர பங்களாவுலயா? நான் தான கூடப் போனேன். கவர்மென்டு ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிட்டு லொறி திரும்பிருச்சு. ராவு பகலா முழிச்சுப் பாத்தது அங்க இருந்த நர்ஸ்மாரு. இவருக்கு லொறி மட்டும் தான் ஞாபகம். என்னா செய்ய, எறக்கும்போது மயக்கம்."

மடுவமே சிரித்தது. குடைக்குக் கீழே அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லொறியும் வேணும், டொக்டரும் வேணும்," என்றார் அம்மா. "ரெண்டுல ஒன்னு எடுன்னு யாரு சொன்னா? டொக்டர் ஐயா, நீங்க ஒன்னு சொல்லுங்க. கிளினிக்கு எத்தன மணிக்கு?"

"காலமை எட்டு மணியிலை இருந்து பின்னேரம் நாலு மணி வரைக்கும்."

"அப்ப அது ஆம்பளைங்களுக்கும் ரிட்டயர் ஆனவங்களுக்கும். எங்களுக்கு இல்ல."

"அரசாங்க நேரம் நாலு மணியோட முடியும் அம்மா."

"எங்க நேரம் நாலரைக்குத் தான தொடங்குது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "நான் குளிசய பாதியா ஒடச்சுத் தான் குடிக்கிறேன். எம் பொண்ணு அந்தா நிக்கிது, அதுக்குத் தெரியும். வீட்டுல தெனமும் சண்ட. டவுனுக்கு மாசா மாசம் வந்தா என் பேர நீங்களா போடுவீங்க?"

 டொக்டர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அத்தை, "நானும் தான்," என்றார். "எனக்குப் பிரசர் குளிச. ஒன்னுவிட்ட நாளைக்குத் தான் குடிக்கிறேன்."

"நான் திங்கள், புதன், வெள்ளி," என்றார் இன்னொருவர், டியூசன் வகுப்பு சொல்வதுபோல.

இப்படி ஒவ்வொருவராக. நான் அம்மாவோடு மட்டும் போட்ட சண்டை, அத்தனை லயத்திலும் அத்தனை காம்பராவிலும் யாரும் போடாமல் கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இந்தப் பெண்களின் இரத்தத்தைப் பார்த்து, சீனி இறங்கவில்லையே என்று மருந்தைக் கூட்டி எழுதிக்கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து அதையும் இவர்கள் பாதியாக்குவார்கள்.

 "இதைப் பகல் ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் டொக்டர்.

"பகல் நாங்க இல்லையே," என்றார் அத்தை.

அரசாங்கம் எடுக்கவேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் டொக்டர். கொழுந்துச் சாயம் ஏறிய கைகள் உயர்ந்தன. எல்லாம் அல்ல, முதலில் பேசிய வயதானவர் கையைக் கட்டிக்கொண்டே நின்றார். அவருக்குப் பக்கத்திலும் சிலர் அப்படி நின்றார்கள். அத்தை இரண்டு கையையும் தூக்கியிருந்தார்.

"ஒன்னு தான்டி தூக்கணும்," என்று யாரோ அதட்டினார்கள்.

"இன்னொன்னு எங்க வீட்டு மனுசனுக்கு. அவரு பகல் வேணாம்னு தூக்கியிருப்பாரு. அத நான் எறக்கிறேன்."

ஜீப் போன பிறகு நாங்கள் மூவரும் வீட்டுக்கு ஏறினோம். அப்பா குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டாவது ரொட்டியைப் பிய்க்கும்போதுதான் வாய் திறந்தார்.

"ஊரு முன்னால தலைவர இப்படியா கேப்பாங்க? மயக்கமாம்ல."

"மயக்கம் தான இருந்துச்சு. பொய்யா சொன்னேன்?" என்றார் அம்மா. "சம்பல் போடவா?"

"போடு." கொஞ்ச நேரம் கழித்து, "எத்தன மாசமா பாதி குடிக்கிற?" என்று கேட்டார்.

அம்மா சம்பல் சட்டியை மூடினார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் காலைக் காட்டினேன். அவர் கைகழுவிவிட்டு வந்து டோர்ச் லைட்டை எடுத்து, அம்மாவின் பாதத்தைத் தன் முழங்காலில் தூக்கி வைத்துப் பார்த்தார். அம்மா, "விடுங்க, கூசுது," என்று காலை இழுத்துக்கொண்டார்.

"லொறி விசயத்த நானே தொரகிட்ட பேசுறேன்," என்றார் அப்பா. "டிஸ்பென்சரிய குடுத்தாலும் லொறி நிக்கணும்னு எழுத்துல வாங்கணும். நீங்க பாட்டுக்குக் கைய தூக்கிட்டீங்க, எழுத்துல வாங்குறது யாரு?"

அடுத்த நாள் அம்மாவுக்கு அப்பாவே பேர் போடவேண்டாம் என்று பெரட்டில் சொல்லிவிட்டு, அவரை டவுனுக்குக் கூட்டிப்போனார். புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கட்டினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ற வாக்கியத்தை அங்கிருந்த டொக்டர் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டாராம். அப்பா அதை எனக்கு மட்டும் சொன்னார்.

எல்லாம் நடந்து முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கட்டிடம் கைமாறும் கடதாசி இன்னும் எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது. லொறி பற்றித் துரை வாயால் சொன்னார், எழுத்தில் தரவில்லை. அப்பா கிழமைக்கொரு தடவை போய் ஞாபகப்படுத்துகிறார். மிட்வைப் சிங்களவர்தான், ஆனால் தமிழ் படித்துக்கொண்டிருக்கிறார். 'வலிக்கிதா' என்று கேட்கத் தெரியும். 'இல்லை' என்று சொன்னால் நம்பக்கூடாது என்பதும் தெரியும். டிஸ்பென்சரிக் கூரை ஒழுகுகிறது. ஆனால் கடதாசிக்குக் காத்திருக்காமல், நடமாடும் கிளினிக் என்ற பெயரில் டொக்டர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வியாழக்கிழமை பின்னேரம் அங்கே வருகிறார். நாலரைக்குத் தொடங்கும். அதற்கு யாரிடம் எப்படி அனுமதி வாங்கினார் என்று கேட்டேன். "கேக்காதேங்கோ," என்றார்.

இரத்தம் எடுப்பது நான். முதல் நாள் மடுவத்திலிருந்து நேரே படங்கோடு வந்து வாங்கில் உட்கார்ந்தார்கள். வாங்கு போதாமல் படிக்கட்டு வரை வரிசை. மாமாவும் வந்து நின்றார். இது சும்மா பார்க்கிற இடமாயிற்றே, எதற்கு வந்தீர்கள் என்று அத்தை கேட்டதற்கு, "நாங்க கேட்டு வாங்குனது தான இது," என்றார். அவர் எந்தக் கையைத் தூக்கினார் என்று அத்தை எல்லாருக்கும் ஞாபகப்படுத்தினார். அன்று கை தூக்காத அந்த வயதானவரும் வந்திருந்தார். "கம்பனி தான் குடுத்திருக்கணும்," என்று டொக்டரிடமும் சொல்லிவிட்டுத்தான் நாக்கை நீட்டினார்.

அம்மாவின் புண் ஓரத்திலிருந்து உள்நோக்கி மூடிக்கொண்டு வருகிறது. தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது; அது நல்ல நிறம். கடைசியாகப் பார்த்த சீனி, நான் ஆசைப்படும் இடத்துக்கு இன்னும் வரவில்லை, ஆனால் இறங்குகிறது. தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்த பாதிகளை எல்லாம் ஒருநாள் கொட்டிவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை.

நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உறையிலிருந்து ஒரு குளிசையை எடுத்தார். பழக்கத்தில் இரண்டு கட்டைவிரல்களும் அதன் மேல் போய் நின்றன. நான் பார்ப்பதைப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டு அப்படியே வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார்.

"முழுசா முழுங்குனா தொண்டையில நிக்கிது பாப்பா," என்றார். "வியாழக்கெழம டொக்டர்கிட்ட சொல்லணும், கொஞ்சம் சின்னதா குடுக்கச் சொல்லி."